ஒரே கம்பெனியில் பல வேலைகளா, பல கம்பெனிகளில் ஒரே வேலையா?

வேலைக்குச் சேர்ந்து ஆறேழு வருஷம் ஆனவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சார், இங்கேயே இருக்கலாமா, வெளியே போகலாமா?" போன மாதமும் ஒருவர் கேட்டார். மெஷின் ஷாப்பில் ஏழு வருஷமாக இருப்பவர். கையில் வேறொரு கம்பெனி கொடுத்த கடிதம். சம்பளம் கூடுதல், பதவியின் பெயரும் பெரிது. பார்க்கப்போகும் வேலை மட்டும் இப்போது பார்ப்பதேதான். பதில் சொல்ல நான்கு வாரம் இருக்கிறது என்றார்.

ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. நான் 28 வருஷமாக ஒரே உற்பத்தி நிறுவனத்தில் இருக்கிறேன். பயிற்சி பெறுபவனாக லேத்தில் (கடைசல் மெஷினில்) நின்றது முதல், மெஷின்களுக்கு வேண்டிய கருவிகளைச் செய்யும் டூல் ரூம், குவாலிட்டி, வெளியிலிருந்து உதிரிப்பாகம் செய்து தரும் வெண்டர்களைக் கவனிக்கும் பிரிவு, புதிய பிளான்ட் அமைத்த குழு, இப்போது பயிற்சிப் பிரிவு என்று ஆறு இடங்களில் வேலை பார்த்தாயிற்று. என்னோடு அதே நாளில் பயிற்சிக்குச் சேர்ந்த நண்பன் ஐந்து கம்பெனிகள் மாறிவிட்டான். போன இடத்திலெல்லாம் அவன் செய்தது டூல் டிசைன். இரண்டு பேரும் நன்றாகவே இருக்கிறோம். ஆனால் அவனுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை, எனக்குக் கிடைத்தது அவனுக்குக் கிடைக்கவில்லை. கீழே எழுதுவது அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான். என் மனம் என் வழியின் பக்கம் சாயும் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

முதலில் ஒன்று. "இருப்பதா, போவதா" என்று கேட்கும்போது, இருப்பது என்றால் ஏதோ ஒரே விஷயம் என்று தோன்றிவிடுகிறது. அதில் இரண்டு வகை உண்டு. ஒரே வேலையில் வருஷக்கணக்கில் ஆழமாக இறங்குவது ஒன்று. அதே கம்பெனியின் கேட்டுக்குள் நுழைந்து, சில வருஷத்துக்கு ஒருமுறை வேறு வேலைக்கு மாறுவது இன்னொன்று. இரண்டாவதை யாரும் தனி வழியாக எண்ணிப் பார்ப்பதே இல்லை. வெளியே போகிறவர்களில் பலர் உண்மையில் சலித்துப்போனது கம்பெனியில் அல்ல, வேலையில். அதற்கு மருந்து பக்கத்துப் பிரிவிலேயே இருந்திருக்கலாம்.

தெரியாத வேலை எங்கே கிடைக்கும்

வெளியே வேலைக்கு ஆள் எடுப்பவரிடம் இருப்பது உங்கள் பயோடேட்டாவும் ஒரு மணி நேரப் பேச்சும்தான். அதை வைத்து அவர் எடுக்கக்கூடிய பத்திரமான முடிவு, நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலையையே உங்களுக்குக் கொடுப்பது. டூல் டிசைனருக்கு டூல் டிசைன். குவாலிட்டி ஆளுக்குக் குவாலிட்டி. அவர் மேல் குறை சொல்ல முடியாது. உங்கள் கை எப்படி, பொறுமை எப்படி, தப்பு நடந்தால் மறைப்பீர்களா ஒப்புக்கொள்வீர்களா என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை.

உள்ளே இருப்பவர்களுக்கு அது தெரியும். நான் டூல் ரூமிலிருந்து குவாலிட்டிக்குப் போனபோது அந்தப் பிரிவு பற்றி ஒரு சான்றிதழ்கூட என்னிடம் இல்லை. மூன்று வருஷம் டூல் ரூமில் நான் கொடுத்த அளவுகளை அவர்கள் மறுபடி அளந்து பார்த்திருக்கிறார்கள், பொய் அளவு ஒன்றுகூட வரவில்லை. அது போதுமானதாக இருந்தது. அந்த வேலைக்கு வெளியே விண்ணப்பித்திருந்தால் என் கடிதத்தை யாரும் இரண்டாம் முறை பார்த்திருக்க மாட்டார்கள்.

இதற்குப் பெரிய உதாரணங்கள் உண்டு. மேரி பாரா 1980-இல், 18 வயதில், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் போன்டியாக் ஆலையில் ஃபெண்டர் (காரின் சக்கரத்துக்கு மேலே வரும்) தகடுகளைச் சோதிக்கும் வேலையில் சேர்ந்தார். படிப்புச் செலவுக்காகப் பார்த்த வேலை அது. பிறகு எலெக்ட்ரிகல் இன்ஜினியர் ஆனார், ஓர் அசெம்பிளி ஆலையின் மேலாளர் ஆனார், 2008-இல் உலகளாவிய உற்பத்திப் பொறியியலுக்குத் துணைத் தலைவர் ஆனார். 2009-இல் கம்பெனி திவாலாகி மீண்டு வந்த நேரத்தில், உற்பத்தியை விட்டு மனிதவளப் பிரிவுக்குத் தலைவராக அவரைப் போட்டார்கள். 2011-இல் வாகன வடிவமைப்பும் தயாரிப்பு வளர்ச்சியும், 2014 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி. உற்பத்திப் பொறியாளர் ஒருவருக்கு மனிதவளத் தலைவர் பதவியை வெளிக் கம்பெனி எதுவும் லேசில் கொடுத்திருக்காது. சொந்தக் கம்பெனி கொடுத்தது, ஏனென்றால் அவரை 29 வருஷம் பார்த்திருந்தது.

டொயோட்டாவில் மிட்சுரு கவாய் என்பவர் கம்பெனியின் சொந்தப் பயிற்சிப் பள்ளியில் படித்து, 1966-இல் உலோகத்தைச் சூடாக்கி அடித்து வடிவமாக்கும் ஃபோர்ஜிங் ஷாப்பில் தொழிலாளியாகச் சேர்ந்தார். பல்கலைக்கழகப் பக்கமே போகாதவர். 2017-இல் அந்தக் கம்பெனியின் நிர்வாகத் துணைத் தலைவர்களில் ஒருவரானார். பட்டம் என்ன என்று கேட்கும் வெளிச் சந்தையில் இந்த ஏணிக்குக் கீழ்ப்படியே கிடையாது.

பிரேசிலில் வால்டர் ஆர்த்மன் 1938-இல், 15 வயதில், ஒரு ஜவுளி ஆலையில் சரக்கு அனுப்பும் உதவியாளராகச் சேர்ந்து, விற்பனைப் பிரிவுக்குப் போய் மேலாளராகி, 2022-இல் அதே கம்பெனியில் 84 வருஷம் என்று கின்னஸ் சாதனை படைத்தார். எண்ணிக்கைக்காக அவரை வியப்பவர்கள் அதிகம். சரக்குக் கட்டிய பையனை விற்பனைக்கு அனுப்ப அந்த ஆலை துணிந்ததுதான் என்னை ஈர்த்தது.

ஆக ஒரு கணக்கு கைக்கு வருகிறது. அதே வேலைக்கு அதிகப் பணம் வேண்டும் என்றால் வெளிக்கதவு சுலபமாகத் திறக்கும். வேறு வேலை வேண்டும் என்றால் உள்கதவுதான் சுலபம். எது வேண்டும் என்று தெரியாமல் கதவைத் தட்டுவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

நாம் செய்த தப்பு திரும்பி வரும்வரை இருப்பது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். என் 28 வருஷத்தில் நான் கற்றதில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தில் அடங்கும்.

டூல் ரூமில் இருந்தபோது ஓர் அலுமினிய ஹவுசிங்குக்கு (வெளிக்கூடு போன்ற பார்ட்டுக்கு) ஃபிக்சர், அதாவது மெஷினில் பார்ட்டை அசையாமல் பிடித்து வைக்கும் அமைப்பு, வரைந்தேன். உள்துளையைக் குடைந்து சரியான அளவுக்குக் கொண்டுவரும் போரிங் வேலைக்கானது. பார்ட்டைப் பிடிக்க வசதியாக இருந்த இடத்தில் கிளாம்ப் (இறுக்கும் பிடி) வைத்தேன். அந்த இடத்தில் சுவர் மெல்லியது. முதல் ஐம்பது பார்ட்டும் அளவுக்குள் வந்தன. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

நான்கு வருஷம் கழித்து, நான் குவாலிட்டியில் இருக்கும்போது, வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தது. துளை வட்டமாக இல்லை, முட்டை வடிவம் எடுக்கிறது. மெஷினில் இருக்கும்போது அளந்தால் சரியாக இருக்கிறது. கழற்றி வைத்து அளந்தால் தவறுகிறது. இரண்டு வாரம் தேடினோம். ஃபிக்சரில் பார்ட் உட்காரும் தாங்கு பேடுகள் வருஷக்கணக்கில் தேய்ந்திருந்தன. தேயத் தேயப் பார்ட் ஆடியிருக்கிறது. ஆடாமல் இருக்க ஆபரேட்டர் கிளாம்ப்பை இன்னும் கொஞ்சம் இறுக்கியிருக்கிறார். மெல்லிய சுவர் இறுக்கத்தில் வளைந்து, வளைந்த நிலையிலேயே துளை வட்டமாக வெட்டப்பட்டு, கிளாம்ப்பைத் தளர்த்தியதும் சுவர் பழைய இடத்துக்குத் திரும்பி, துளை கோணிப்போயிருக்கிறது. டிராயிங்கை எடுத்துப் பார்த்தேன். கீழே என் கையெழுத்து.

அன்று கற்றதை எந்த வகுப்பும் எனக்குக் கற்றுக் கொடுத்திருக்காது. ஆபரேட்டர் மேல் தப்பு இல்லை, அவர் கையில் நான் கொடுத்த கருவி அவரை அப்படித்தான் செய்ய வைக்கும் என்பது அன்றுதான் புரிந்தது. பிறகு வெண்டர்களைப் பார்க்கப் போனபோது, அவர்களுடைய ஃபிக்சரில் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது தாங்கு பேடுகளைத்தான், "இதை எப்போது மாற்றுவீர்கள்?" என்பதுதான் முதல் கேள்வி. புதிய பிளான்ட் அமைத்தபோது, கையால் இறுக்கும் கிளாம்ப்புக்குப் பதிலாக அழுத்தம் நிர்ணயித்த ஹைட்ராலிக் கிளாம்ப் வைக்க வேண்டும் என்று செலவுக் குழுவிடம் வாதாட என்னிடம் நான்கு வருஷக் கதை இருந்தது. ஒரே பிரச்சினையை வரைந்தவனாக, அளந்தவனாக, வாங்கியவனாக, பணம் கேட்டவனாக நான்கு பக்கத்திலிருந்தும் பார்த்தேன். இந்த நான்கு பக்கங்களும் ஒரே கூரைக்குக் கீழே இருந்ததால்தான் அது முடிந்தது.

இதை நண்பனிடம் சொன்னபோது அவன் வெகு நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "நான் வரைஞ்ச டூல் எதுவும் நாலாவது வருஷம் என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாதுடா. நான் அதுக்கு முன்னாடியே கிளம்பியிருப்பேன்."

உற்பத்தித் தொழிலில் விளைவு மெதுவாகத்தான் வருகிறது. உருகிய அலுமினியத்தைச் செலுத்தி வார்க்கும் டை (உலோக அச்சு) ஏறத்தாழ லட்சம் ஷாட், அதாவது லட்சம் முறை வார்த்து, ஓடிய பிறகுதான் அதன் மேல் விரிசல் வலை எப்படிப் பரவுகிறது என்று தெரியும். பேரிங்கின் தேர்வு சரியா தப்பா என்று சொல்ல வருஷங்கள் ஆகும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனி மாறுகிறவர் நிறையத் தொடங்கிவைத்திருப்பார். முடிவைப் பார்த்திருக்க மாட்டார். உள்ளேயே பிரிவு மாறுகிறவருக்கும் இந்த ஆபத்து உண்டு. பதினெட்டு மாதத்துக்கு ஒருமுறை இடம் மாறி மேலே போகும் இளம் மேலாளர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் விட்டுப்போனதை அடுத்தவர்கள் சுமப்பார்கள். ஓர் இடத்தில் குறைந்தது மூன்று வருஷம், முடிந்தால் ஐந்து என்பது என் கணக்கு.

பக்கத்து ஆலையைப் பார்க்காதவனின் குறை

இனி நண்பன் பக்க நியாயம். அது சின்ன நியாயம் இல்லை.

எங்கள் லைனில் ஒரு மாடலிலிருந்து இன்னொரு மாடலுக்கு ஃபிக்சர் மாற்ற இரண்டரை மணி நேரம் ஆகும். பதினோரு வருஷம் அதை நான் இயற்கை விதி போல ஏற்றுக்கொண்டிருந்தேன். மெஷின் என்றால் அப்படித்தான் ஆகும் என்று நினைத்தேன். நண்பன் தன் மூன்றாவது கம்பெனியில் அதே வகை மெஷினில் பதினைந்து நிமிடத்தில் மாற்றுகிறார்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னபோது நான் நம்பவில்லை. அவன் கையோடு படம் வரைந்து காட்டினான். ஃபிக்சருக்குக் கீழே ஒரே மாதிரியான அடித்தட்டு, மெஷினுக்கு வெளியேயே எல்லாம் தயார் செய்து வைத்துக்கொள்வது, இரண்டு பூட்டு. அவ்வளவுதான். எங்கள் ஆலையில் புத்திசாலிகளுக்குக் குறைவில்லை. ஆனால் எல்லோரும் ஒரே இடத்தில் வளர்ந்தவர்கள். எல்லோருக்கும் அதே இரண்டரை மணி நேரம்தான் பழக்கம்.

டொயோட்டாவிலேயே இது நடந்திருக்கிறது. 1969-இல் அங்கே தகட்டை அழுத்தி வடிவமாக்கும் 1,000 டன் பிரஸ் ஒன்றில் டை மாற்ற நான்கு மணி நேரம் ஆயிற்று. அது அதிகம் என்று தெரிந்ததே, ஜெர்மனியில் ஃபோக்ஸ்வேகன் பாதி நேரத்தில் மாற்றுவதை அறிந்த பிறகுதான். வெளி ஆலோசகரான ஷிகேயோ ஷிங்கோவைக் கூட்டிக்கொண்டு ஆறு மாதத்தில் 90 நிமிடமாகக் குறைத்தார்கள். பிறகு நிர்வாகம் 3 நிமிடம் என்று இலக்கு வைத்தது, அதையும் எட்டினார்கள். உள்ளே இருந்தவர்களின் கைத்திறனும் வேண்டியிருந்தது. வெளியே ஒருவன் வேறு மாதிரிச் செய்கிறான் என்ற செய்தியும் வேண்டியிருந்தது.

ஐந்து கம்பெனி பார்த்தவருக்கு அந்தச் செய்தி தலைக்குள்ளேயே இருக்கிறது. ஒரே இடத்தில் இருப்பவர் அதைத் தேடிப் போக வேண்டும். கண்காட்சிக்குப் போக வேண்டும், வெண்டர் ஆலைகளைச் சுற்ற வேண்டும், மெஷின் விற்க வருபவரிடம் டீ குடித்துக்கொண்டே "மற்ற இடத்தில் இதை எப்படிச் செய்கிறார்கள்?" என்று கேட்க வேண்டும். என் ஆறு பிரிவுகளில் வெண்டர் பிரிவைத்தான் எல்லோருக்கும் முதலில் சிபாரிசு செய்வேன். சொந்தக் கம்பெனியின் சம்பளத்தில் முப்பது நாற்பது ஆலைகளின் உள்பக்கத்தைப் பார்க்கும் வேலை அது.

பணம்

நேராகச் சொல்லிவிடுகிறேன்: நண்பன் என்னைவிட அதிகம் சம்பாதித்திருக்கிறான். முப்பத்தைந்து வயதில் இடைவெளி நன்றாகவே தெரிந்தது. ஒவ்வொரு முறை மாறும்போதும் அவனுக்குக் கிடைத்த உயர்வு, எனக்கு இரண்டு மூன்று வருஷத்து உயர்வுக்குச் சமம். அடுத்த உயர்வு அந்தப் பெரிய தொகையின் மேல்தான் கணக்கிடப்படும். சம்பளத்தில் ஆரம்ப இடைவெளி தானாக மூடாது.

மேத்யூ பிட்வெல் என்ற பேராசிரியர் ஓர் அமெரிக்க முதலீட்டு வங்கியின் ஊழியர் பதிவுகளை ஆராய்ந்து 2011-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வெளியிலிருந்து எடுக்கப்பட்டவர்கள், அதே வகை வேலைக்கு உள்ளிருந்து உயர்த்தப்பட்டவர்களைவிட ஏறத்தாழ 18 சதவீதம் அதிகச் சம்பளம் பெற்றார்கள். முதல் இரண்டு வருஷம் அவர்களுடைய வேலை மதிப்பீடு குறைவாக இருந்தது. வேலையை விட்டுப் போனதும், நீக்கப்பட்டதும் அவர்களில் அதிகம். வங்கி வேறு, ஆலை வேறு. ஆனாலும் புதிதாக வந்தவர் முதல் இரண்டு வருஷம் திணறுவதை எங்கள் ஷாப்பிலும் பார்க்கிறேன். எந்த மெஷின் காலையில் சூடேற அரை மணி நேரம் கேட்கும், எந்த வெண்டர் மாதக் கடைசியில் அவசரத்தில் தரம் தவறுவார் என்பதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இல்லை. அதைக் கற்கும்வரை அவர் கையைக் காலைக் கட்டிய மாதிரிதான்.

என் பக்கத்துத் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு முறை பிரிவு மாறியபோது சம்பளம் பற்றி நான் வாயே திறக்கவில்லை. "புது வேலை கற்றுக்கொள்ளக் கொடுக்கிறார்களே, அதுவே பெரிது" என்று இருந்துவிட்டேன். பக்கவாட்டில் நகரும்போது உயர்வு தருவது பெரும்பாலான இடங்களில் வழக்கமில்லை. கேட்டால் ஒழிய வராது. இப்போது மாறுகிறவர்களுக்கு நான் சொல்வது: உடனே தர முடியாவிட்டால், ஒரு வருஷம் கழித்து எந்த அளவை எட்டினால் எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். வாய்மொழியாகச் சொன்ன மேலாளர் அடுத்த வருஷம் அந்த நாற்காலியில் இருக்க மாட்டார்.

ஆழமாகப் போகிறவர்கள்

ஒரே கம்பெனி, ஒரே துறை என்ற வழியைப் பற்றிப் பேசும்போது எனக்கு இரண்டு ஜப்பானியர்கள் நினைவுக்கு வருவார்கள். இருவருமே ஆலைக் கம்பெனிகளின் ஊழியர்கள், இருவருக்குமே நோபல் பரிசு கிடைத்தது.

கோய்ச்சி தனாகா 1983-இல் ஷிமாட்சு என்ற கருவித் தயாரிப்பு நிறுவனத்தில் சேர்ந்தார். படித்தது மின் பொறியியல். போட்டது வேதியியல் ஆராய்ச்சிக் குழுவில். 1985-இல் தவறுதலாக கிளிசரினைக் கோபால்ட் நுண்துகளோடு கலந்துவிட்டார். வீணாக்க மனமில்லாமல் அதையே சோதித்தபோது, புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளை உடையாமல் எடை அளக்கும் வழி கிடைத்தது. 2002-இல் வேதியியல் நோபல். அதுவரை பதவி உயர்வுக்குப் போகாமல் ஆய்வு மேசையிலேயே இருக்க விரும்பியவர் அவர். பரிசுக்குப் பிறகு கம்பெனி அவருக்கென்று ஃபெலோ என்ற பதவியை உருவாக்கி, ஆய்விலேயே இருக்கவிட்டது.

ஷுஜி நகமுரா 1979-இல் நிச்சியா என்ற கம்பெனியில் சேர்ந்தார். நீல எல்.இ.டி.க்கான ஆராய்ச்சிக்கு அதன் நிறுவனர் துணிந்து பணம் கொடுத்தார். 1993-இல் பிரகாசமான நீல எல்.இ.டி. வெளிவந்தது. காப்புரிமைக்காக அவருக்குக் கிடைத்த வெகுமதி 20,000 யென். 1999 கடைசியில் வெளியேறினார், 2001-இல் வழக்குப் போட்டார், 2004-இல் டோக்கியோ நீதிமன்றம் 20 பில்லியன் யென் கொடுக்கச் சொன்னது, மேல்முறையீட்டில் 2005-இல் ஏறத்தாழ 840 மில்லியன் யென்னுக்குச் சமரசம் ஆயிற்று. 2014-இல் இயற்பியல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர்.

இருவரின் திறமையையும் ஒப்பிட எனக்குத் தகுதியில்லை. ஆழமாகப் போக நினைப்பவர் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: மேலாளர் ஆகாமலேயே சம்பளமும் மரியாதையும் உயர வழியிருக்கிறதா? சில கம்பெனிகளில் தொழில்நுட்ப ஏணி என்று தனியாக உண்டு. அதில் கடைசிப் படியில் நிற்பவர் ஒரு பிரிவுத் தலைவருக்குச் சமம். அந்த ஏணி இல்லாத இடத்தில், உங்கள் ஊரே மெச்சும் டை மேக்கராக இருந்தாலும் நாற்பது வயதில் மேலே கூரை இடிக்கும். அப்போது பிடிக்காத மேலாளர் வேலைக்குப் போவதா, கம்பெனியை விட்டுப் போவதா என்ற நிலை வரும். அப்படிப்பட்ட இடத்தில் ஆழம் தேடுகிறவருக்கு வெளியே போவதுதான் நல்லது என்று நினைக்கிறேன்.

கம்பெனியே சரிந்தால்

இருப்பதற்கு எதிரான மிகக் கனமான வாதம் இது. அமெரிக்காவில் ஸ்டூட்பேக்கர் கார் கம்பெனி 1963 டிசம்பரில் தன் சவுத் பெண்ட் ஆலையை மூடியது. ஓய்வூதிய நிதியில் போதிய பணம் இல்லை. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு முழுதாகக் கிடைத்தது. 40-க்கு மேல் 60-க்குள் இருந்த, பத்து வருஷத்துக்கு மேல் உழைத்த ஏறத்தாழ 4,000 பேருக்குச் சேர வேண்டியதில் 15 சதவீதம் அளவுக்குத்தான் கிடைத்தது. மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஓய்வூதியத்தைப் பாதுகாக்க அந்த நாடு 1974-இல் சட்டம் கொண்டுவர இந்தச் சம்பவம் ஒரு காரணம். கேமரா ஃபிலிம் செய்த கோடாக் 1988-இல் 1,45,000 பேர் வேலை பார்த்த கம்பெனி. 2012 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது. டிஜிட்டல் கேமராவை 1975-இல் செய்து காட்டியதே அதன் சொந்த இன்ஜினியர் ஸ்டீவ் சாசன்தான்.

எவ்வளவு நல்ல கம்பெனியும் நிரந்தரம் என்று எண்ணி இருக்கக் கூடாது. ஒரே இடத்தில் இருக்க முடிவு செய்பவர் இரண்டு காரியங்கள் செய்தாக வேண்டும். சேமிப்பைக் கம்பெனியின் பங்கிலோ கம்பெனியிடமோ குவிக்காதீர்கள். சம்பளமும் அங்கே, சேமிப்பும் அங்கே என்றால் விழும்போது இரண்டும் சேர்ந்து விழும். அடுத்து, கேட்டுக்கு வெளியேயும் செல்லுபடியாகும் திறமை எது, உள்ளே மட்டும் செல்லுபடியாவது எது என்று வருஷத்துக்கு ஒருமுறை பிரித்துப் பாருங்கள். டிராயிங் படிப்பது, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் சி.என்.சி. மெஷினுக்குப் புரோகிராம் எழுதுவது, மெஷின்களைத் தானியங்கியாக இயக்கும் பி.எல்.சி., புள்ளியியல் முறையில் தரக் கட்டுப்பாடு, செலவுக் கணக்கு இவையெல்லாம் எங்கும் செல்லும். யாரிடம் கையெழுத்து வாங்கினால் காரியம் நடக்கும் என்ற அறிவு கேட்டைத் தாண்டாது. பல பிரிவு பார்த்தவருக்கு முதல் வகை தானாகவே சேர்ந்திருக்கும். ஒரே மெஷினில் இருபது வருஷம் இருந்தவர்தான் ஆலை மூடும் நாளில் அதிகம் தவிப்பார்.

உங்கள் கம்பெனி மாறவிடுமா?

எல்லாக் கம்பெனியிலும் என் வழி கிடைக்காது. ஒரே பொருளை ஒரே லைனில் செய்யும் நாற்பது பேர் ஆலையில் மாறுவதற்கு இடமே இருக்காது. அங்கே இருப்பவர் விரிவு வேண்டுமென்றால் வெளியேதான் தேட வேண்டும். அதில் தவறே இல்லை. பெரிய கம்பெனியாக இருந்தாலும், விளம்பரத்தில் சொல்வதை நம்பாமல் ஆட்களை எண்ணிப் பாருங்கள். கடந்த ஐந்து வருஷத்தில் உங்கள் பிரிவிலிருந்து வேறு பிரிவுக்குப் போனவர்கள் யார் யார்? போன இடத்தில் நன்றாக இருக்கிறார்களா, தண்டனையாக அனுப்பப்பட்டவர்களா? பிரிவுத் தலைவர்களில் எத்தனை பேர் வேறு பிரிவில் வேலை பார்த்தவர்கள்? இரண்டு மூன்று பெயர்கூட வாயில் வரவில்லை என்றால் பதில் கிடைத்துவிட்டது.

மாற முடியாமல் போவதற்கு நான் கண்ட முக்கியக் காரணம் கெட்ட எண்ணம் இல்லை. நன்றாக வேலை செய்பவரை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வராது. டூல் ரூமில் இருந்தபோது, மின்சாரம் பாயும் கம்பியால் உலோகத்தை வெட்டும் ஒயர்-கட் மெஷினை என்னைத் தவிர யாராலும் சரியாக ஓட்ட முடியவில்லை. அது எனக்குப் பெருமையாக இருந்தது. மூன்று முறை மாற்றம் கேட்டேன். மூன்று முறையும் மேலாளர் சொன்னது ஒன்றே: "உன்னை விட்டா அந்த மெஷினை யாருப்பா பார்ப்பாங்க?" கோபம் வந்தது, வெளியே இரண்டு இடத்துக்கு விண்ணப்பமும் போட்டேன். அப்புறம்தான் ஒரு மூத்த ஃபோர்மேன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, நீயே உன்னைப் பூட்டி வெச்சிருக்கே. ஒருத்தனைத் தயார் பண்ணிட்டுப் போய்க் கேளு" என்றார். எட்டு மாதம் ஒரு பையனுக்குக் கற்றுக் கொடுத்தேன். நான் ஒரு வாரம் லீவு போட்டு, மெஷின் நிற்காமல் ஓடியதைக் காட்டி, நான்காவது முறை கேட்டேன். அந்த மாதமே கையெழுத்தாயிற்று.

கடிதத்தோடு வந்தவரிடம் முடிவைச் சொல்லவில்லை. என்ன வேலை செய்யப் பிடிக்கும் என்று கேட்டேன். மெஷின் ஓட்டி அலுத்துவிட்டது, மெஷின் ஏன் நிற்கிறது என்று பார்ப்பதில்தான் ஆர்வம் என்றார். அதாவது மெயின்டனன்ஸ். கையில் இருந்த கடிதமோ மறுபடி மெஷின் ஓட்டத்தான் கூப்பிடுகிறது. அதே சமயம் அவருக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, கூடுதல் சம்பளத்தை வேண்டாம் என்று சொல்வது எளிதில்லை. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் மெயின்டனன்ஸ் தலைவரை நேரில் பார்க்கச் சொன்னேன். எப்போது எடுத்துக்கொள்வார், ஒரு வருஷம் கழித்து எவ்வளவு கூடும் என்று எழுத்தில் கேட்கச் சொன்னேன். எழுதிக் கொடுக்கத் தயங்கினால், வெளிக் கடிதத்துக்குச் சம்மதம் சொல்லிவிடலாம். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

நேற்று மெஷின் ஷாப் வழியாகப் போனபோது அவரைப் பார்த்தேன். தன் மெஷினுக்குப் பக்கத்தில் பயிற்சிக்கு வந்த ஒருவரை நிறுத்தி ஆஃப்செட் (வெட்டும் டூலின் அளவுத் திருத்தம்) போடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். மெயின்டனன்ஸ் தலைவரோடு வெள்ளிக்கிழமை பேசப் போகிறாராம். கடிதத்துக்குப் பதில் சொல்ல இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.